ஆட்டம் மாறுதல் துரோகமா?

நுழையும் முன்

ஒருவர் தாம் வளர்ந்த களத்தை விட்டு வேறொரு களத்துக்குச் செல்லும்போது, அவரைப் பழிப்போரும் உண்டு, வாழ்த்துவோரும் உண்டு. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அத்தகைய பழிப்பையே விதியாக்கி வைத்திருந்த ஒரு விளையாட்டைப் பற்றியும், அந்த விதியின் இருபுறமும் நின்று ஆடிய ஒரு வீரரைப் பற்றியும் இக்கட்டுரை தன் கருத்தை முன்வைக்கிறது. படித்தபின் நீங்கள் உடன்படலாம், மறுக்கலாம். ஆனால், காரணம் காட்டி உடன்படுங்கள். காரணம் காட்டி மறுத்துப் பேசுங்கள்.

ஒரு பெயர், இரண்டு ஆட்டங்கள்

ரக்பி என்னும் பெயரைக் கேட்டவுடன் முட்டை வடிவப் பந்தும், அதைக் கையில் ஏந்தி ஓடும் வலிய வீரர்களும் நம் நினைவுக்கு வருகின்றனர். ஆயினும், அப்பெயரில் இரண்டு ஆட்டங்கள் உள்ளன என்பதைப் பலர் அறிவதில்லை. ஒன்று ரக்பி யூனியன். மற்றொன்று ரக்பி லீக்.

யூனியன் ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பதினைந்து பேர். லீக் ஆட்டத்தில் பதின்மூன்று பேர். யூனியனில் பந்தேந்தி வருபவரை மடக்கி வீழ்த்தினால், அவர் பந்தை விட்டுவிட வேண்டும். அதைக் கைப்பற்ற இரு தரப்பினரும் நெருக்கி முட்டி மோதுவர். லீக்கில் வீழ்ந்தவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி, தம் அணியிடமே தருவார். ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதிப்பதற்கு ‘ட்ரை’ என்று பெயர். அதற்கு இன்று யூனியனில் ஐந்து புள்ளிகள், லீக்கில் நான்கு புள்ளிகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆடுபவருக்கோ உடலையும் சிந்தனையையும் வேறு வேறு வகையில் பழக்க வேண்டிய இரு கலைகள் அவை.

ஒரே ஆட்டமாக இருந்தது ஏன் இரண்டாகப் பிளந்தது? அதற்குக் காரணம் ஒருநாள் கூலி.

பிளவின் வேர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் தென்பகுதியில் ரக்பி ஆடியோர் பெரும்பாலும் வசதி படைத்தோர். உயர்நிலைப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்றோர். வடபகுதியான யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் ஆடியோருள் பலர் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த தொழிலாளர். போட்டிக்காக வேலையை விட்டு வந்தால் அவர்களுக்கு அன்றைய கூலி கிடைக்காது. இழந்த கூலியை மட்டும் ஈடுசெய்ய அனுமதி தாருங்கள் என்று வடபகுதிச் சங்கங்கள் கேட்டன. 1893இல் ரக்பி நிருவாகத்தினர் அக்கோரிக்கையை வாக்கெடுப்பில் தள்ளிவிட்டனர். பணம் கலந்தால் விளையாட்டின் தூய்மை கெடும் என்பது அவர்கள் வாதம்.

1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் விடுதியில் வடபகுதிச் சங்கங்களின் சார்பாளர்கள் கூடித் தனி அமைப்பைத் தொடங்கினர். அதுவே பின்னர் ரக்பி லீக் எனப் பெயர் பெற்றது. 1906இல் அணிக்குப் பதின்மூன்று பேர் என வகுத்து, ஆட்டத்தின் விதிகளையும் மாற்றிக்கொண்டது.

யூனியன் நிருவாகம் இதைப் பிரிவாகக் கருதவில்லை, குற்றமாகக் கருதியது. லீக் ஆடப் போனவர் மீண்டும் யூனியன் ஆடக் கூடாது. வாழ்நாள் முழுவதும் தடை. தாம் வளர்ந்த சங்கத்தில் எந்தப் பொறுப்பும் வகிக்க இயலாது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவரைப் போல அவர் நடத்தப்பட்டார். அவர் செய்த இரண்டகம்தான் என்ன? உழைப்புக்குக் கூலி பெற்றதே.

ஜோனதன் டேவிஸ்

இந்த விதியின் பொருளை ஒரு வீரரின் வாழ்வில் வைத்துப் பார்ப்போம். ஜோனதன் டேவிஸ் 1962இல் தெற்கு வேல்ஸிலுள்ள டிரிம்சாரன் என்னும் சிற்றூரில் பிறந்தார். வேல்ஸ் மொழி வழங்கும் ஊர் அது. வேல்ஸ் நாட்டினருக்கு யூனியன் ஆட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. ஊரின் பெருமையும் நாட்டின் அடையாளமும் அதுவே. நீத் சங்கத்துக்காக ஆடிய டேவிஸ், 1985இல் இங்கிலாந்துக்கு எதிராக முதன்முதலாக வேல்ஸ் அணியில் களமிறங்கினார். முதல் போட்டியிலேயே ஒரு ட்ரை எடுத்தார். 1987இல் நடந்த முதல் உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்ற அணியில் அவரும் இருந்தார். 1988இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று நாடுகளையும் ஒரே பருவத்தில் வென்று, மும்மகுடம் எனப்படும் சிறப்பை வேல்ஸ் அடைந்ததிலும் அவர் பங்கு பெரிது.

அதே ஆண்டு நிலைமை தலைகீழாயிற்று. நியூசிலாந்துப் பயணத்தில் வேல்ஸ் அணி படுதோல்விகளைச் சந்தித்தது. அத்தோல்விகளின் காரணங்களைப் பற்றி நிருவாகத்தினர் கூட்டத்தில் பேச டேவிஸ் விரும்பினார், வாய்ப்புக் கிட்டவில்லை. டிசம்பரில் கார்டிஃப் நகரில், அவர் தலைமையேற்ற அணி ருமேனியாவிடம் 15–9 என்று தோற்றது. பழி தலைவர் மீது விழுந்தது. 1989 ஜனவரியில் டேவிஸ் வடமேற்கு இங்கிலாந்தின் விட்னெஸ் லீக் சங்கத்தில் ஒப்பந்தமானார். அன்றே தாய்நாட்டின் யூனியன் களங்கள் அவருக்கு அடைபட்டன. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

சென்ற இடத்தில் மாலையோடு யாரும் காத்திருக்கவில்லை. மெலிந்த உடல்வாகு கொண்ட இவர் லீக் ஆட்டத்தின் அடியைத் தாங்குவாரா என்று பலர் ஐயுற்றனர். யூனியனில் அணியின் ஆட்டத்தை இயக்கும் இடத்தில் ஆடிப் புகழ்பெற்றவர், இங்கே ஓரத்திலும் நடுவிலும் பின்களத்திலும், சொன்ன இடத்தில் நின்று ஆடினார். எடைப்பயிற்சி செய்து உடலை வலுப்படுத்தினார். நாட்டின் அணித்தலைவராக இருந்தவர் புதிய மாணவரைப் போல அடிப்படையிலிருந்து கற்றார்.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 1989இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா அணியை 30–18 என வென்று உலகச் சங்கங்களுக்கான பட்டத்தைக் கைப்பற்றிய விட்னெஸ் அணியில் அவர் ஆடினார். 1993இல் வாரிங்டன் சங்கத்துக்கு மாறினார். 1994இல், லீக் பருவத்தின் தலைசிறந்த வீரருக்குரிய ‘எஃகு மனிதர்’ விருது அவரைத் தேடி வந்தது. அடி தாங்கமாட்டார் எனப்பட்டவருக்கு எஃகின் பெயரிலேயே விருது!

அவ்வாண்டு அக்டோபரில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் பிரிட்டன் அணி ஆஸ்திரேலியாவை எதிர்கொண்டது. முற்பாதியிலேயே பிரிட்டன் அணித்தலைவர் வெளியேற்றப்பட்டதால், எஞ்சிய பன்னிருவரே ஆட வேண்டியதாயிற்று. அந்நெருக்கடியில் பந்தைப் பெற்ற டேவிஸ், எதிரணியினரின் இடைவெளியில் புகுந்து, வளைந்து ஓடி, மூலையில் ட்ரை பதித்தார். பிரிட்டன் 8–4 என வென்றது. யூனியன் களத்தில் பழகிய விரைவும் இடைவெளியைக் காணும் கண்ணும் அங்கே அவருக்குக் கைகொடுத்தன. கிணற்று நீரை வெள்ளமா கொண்டுபோகும்? கற்ற வித்தை களம் மாறியதால் அவரை விட்டுப் போகவில்லை.

கதவு திறந்தபோது

1995 ஆகஸ்டு மாத இறுதியில், பிளவு நேர்ந்து ஏறத்தாழ மிகச் சரியாக நூறு ஆண்டுகள் நிறைந்த வேளையில், பன்னாட்டு யூனியன் நிருவாகம் பாரிஸ் நகரில் கூடி, ஊதியம் பெற்று ஆடலாம் என்று அறிவித்தது. எந்தக் காரணம் காட்டி நூற்றாண்டுக் காலம் பிறரைத் தள்ளி வைத்தார்களோ, அதையே தாமும் ஏற்றுக்கொண்டனர். லீக் வீரர்களுக்கும் கதவு திறந்தது. அவ்வாண்டு வேல்ஸ் அணிக்குத் தலைமையேற்று லீக் உலகக் கோப்பையின் அரையிறுதி வரை சென்ற டேவிஸ், நவம்பரில் கார்டிஃப் யூனியன் சங்கத்துக்குத் திரும்பினார். பின்னர் மீண்டும் வேல்ஸ் யூனியன் அணியின் செந்நிறச் சட்டையை அணிந்தார். 1997இல் ஓய்வு பெற்றபோது, யூனியனில் வேல்ஸுக்காக 32 போட்டிகளில் ஆடியிருந்தார்.

திரும்பி வந்தவர் பெற்றது சில போட்டிகள். இழந்தது தம் உடல்வலிமை உச்சத்தில் இருந்த ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் வேல்ஸ் யூனியன் அணி தடுமாறிக்கொண்டிருந்தது. வீரர் ஒருவரைத் தண்டிக்க எண்ணிய விதி, அவர் நாட்டையும் சேர்த்தே தண்டித்தது.

மறுதரப்பின் வாதங்கள்

இவ்விதியை ஆதரித்தோர் அனைவரும் தீயவர் அல்லர். அவர்கள் சொன்னதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும்.

சிற்றூர்ச் சங்கம் ஒன்று சிறுவனைப் பத்து ஆண்டுகள் பயிற்றுவிக்கிறது. அவன் சிறந்து விளங்கும் வேளையில் பணம் படைத்த வேறு சங்கம் அவனை அழைத்துச் செல்கிறது. வளர்த்தவர்களின் உழைப்பு வீணாகிறதே என்பது அவர்களது முதல் வாதம். இக்குறை உண்மையானது. டேவிஸைப் போலப் பலரை அந்நாளில் வேல்ஸ் இழந்தது. ஆனால், அதற்கு மருந்து எது? அவர் தங்குவதற்கான காரணங்களை உருவாக்குவதே மருந்து. பேச வந்தவருக்குச் செவி கொடுக்காமல், போனபின் தாழ்ப்பாள் போடுவது மருந்தாகாது.

பணத்துக்காக ஆடுபவரிடம் விளையாட்டின் மீது அன்பு இராது என்பது இரண்டாம் வாதம். இதைப் பெரும்பாலும் சொன்னவர்கள் கூலி இழப்பை அறியாதவர்கள். யூனியன் போட்டிகளைக் காண ஆயிரக்கணக்கானோர் நுழைவுச்சீட்டு வாங்கினர், அரங்கங்கள் எழுந்தன. பணம் களத்துக்கு வெளியே தாராளமாகப் புழங்கியது. ஆடியவனின் கையில் மட்டும் படக் கூடாது என்றனர். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்னும் பழமொழி அவர்களுக்கே பொருந்தும்.

அவ்விதி எவ்வளவு வலுவற்றது என்பதை அவர்களே ஒருமுறை காட்டினர். இரண்டாம் உலகப் போரின்போது படைப்பிரிவுகளில் இருந்த லீக் வீரர்கள் யூனியன் ஆட அனுமதிக்கப்பட்டனர். 1943இலும் 1944இலும் படைவீரர்களுக்குள் யூனியன் அணியும் லீக் அணியும், யூனியன் விதிகளின்படியே மோதின. இருமுறையும் லீக் அணியே வென்றது. போர் முடிந்ததும் தடை மீண்டும் வந்தது. ஒன்றாகப் போரிடத் தகுதியுடையவர்கள், அமைதிக் காலத்தில் ஒன்றாக ஆடத் தகுதியற்றவர்களா?

ஆட்டம் மாறிய எல்லாரும் வெற்றி பெறுவதில்லையே என்பது மூன்றாம் வாதம். இதுவும் உண்மை. இங்கிலாந்தின் சாம் பர்ஜஸ் லீக்கில் பெரும்புகழ் பெற்று, 2014இல் யூனியனுக்கு வந்தார். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் இங்கிலாந்து முதற்சுற்றிலேயே வெளியேறியது. அவ்வாண்டே அவர் லீக்குக்குத் திரும்பினார். ஒரு களத்தின் வல்லமை மறுகளத்தில் தானாகவே கைகூடாது. 1996 மே மாதத்தில் லீக் சங்கமான விகனும் யூனியன் சங்கமான பாத்தும் இருமுறை மோதின. லீக் விதிப்படி நடந்த போட்டியில் விகன் 82–6 என வென்றது. யூனியன் விதிப்படி நடந்த போட்டியில் பாத் 44–19 என வென்றது. மாறுவது எளிதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. எனினும், கடினமானது என்பது ஒன்றைத் தடை செய்வதற்குக் காரணமாகாது. முயலும் உரிமை வேண்டும். தோற்றால் திரும்பும் உரிமையும் வேண்டும். பர்ஜஸுக்கு அது கிடைத்தது. டேவிஸுக்கு முன்னிருந்தோர்க்கு அது கிடைக்கவில்லை.

திரும்பி வராதவர்கள்

கார்டிஃப் துறைமுகப் பகுதியில் 2023இல் மூவரின் சிலை திறக்கப்பட்டது. அவர்கள் பில்லி பாஸ்டன், கிளைவ் சல்லிவன், கஸ் ரிஸ்மன். மூவரும் வேல்ஸில் பிறந்து, வடக்கு இங்கிலாந்தின் லீக் களங்களில் புகழ்பெற்றவர்கள். மூவரும் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள் என்பது உங்கள் கவனத்துக்குரியது. பாஸ்டனின் தந்தை ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து வந்தவர்; சல்லிவனின் பெற்றோர் ஜமைக்காவைச் சேர்ந்தவர்கள்; ரிஸ்மனின் பெற்றோர் லாட்வியாவிலிருந்து வந்தவர்கள்.

1953இல் விகன் சங்கத்தில் சேர்ந்த பாஸ்டன், தம் லீக் வாழ்வில் 571 ட்ரைகளை எடுத்தார். சல்லிவன் 1972இல் பிரிட்டன் லீக் அணிக்குத் தலைமையேற்று உலகக் கோப்பையை வென்றார். அவர் ஆடிய ஹல் நகரின் முதன்மைச் சாலை ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. இத்தகைய பாஸ்டனும் சல்லிவனும் தாம் பிறந்த வேல்ஸின் யூனியன் அணிக்காக ஒருமுறைகூட ஆடியதில்லை. கதவு திறந்த காலத்தில் அவர்கள் ஆடும் வயதைக் கடந்துவிட்டனர். சல்லிவன் 1985இலேயே மறைந்துவிட்டார். சிலை எழுப்பியது நன்று. ஆயினும், இளமையில் மறுத்த சட்டையை வெண்கலத்தால் ஈடு செய்ய முடியுமா?

கதவு திறந்ததால் விளைந்தது

தடை நீங்கியதால் யூனியன் ஆட்டம் அழிந்ததா? 1997இல் பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் கூட்டணியான லயன்ஸ் அணி, உலக வாகையர்களான தென்னாப்பிரிக்காவை அவர்கள் மண்ணிலேயே 2–1 எனத் தொடரில் வென்றது. அவ்வணியில் ஸ்காட் கிப்ஸ், ஆலன் பேட்மன், ஆலன் டெய்ட், ஜான் பென்ட்லி முதலிய பலர் லீக்கில் ஆடித் திரும்பியவர்கள். தொடரின் சிறந்த வீரராகத் தெரிவு செய்யப்பட்டவர் கிப்ஸ்.

2003 நவம்பர் 22 அன்று சிட்னியில் நடந்த யூனியன் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவை 20–17 என வென்றது. அப்போட்டியில் இரண்டே ட்ரைகள். ஆஸ்திரேலியாவுக்காக எடுத்தவர் லோட்டே டுகிரி. இங்கிலாந்துக்காக எடுத்தவர் ஜேசன் ராபின்சன். இருவரும் லீக்கிலிருந்து வந்தவர்கள்! ராபின்சன் 1995இல் லீக் உலகக் கோப்பை இறுதியிலும் ஆடியவர். பழைய விதி நீடித்திருந்தால், அவ்விருவரும் அன்று அந்த மைதானத்தில் நின்றிருக்கவே முடியாது.

நம் கருத்து

ஒருவர் எந்தக் களத்தில் தொடங்கினார் என்பதை வைத்து அவர் பற்றை அளப்பது தவறு. சென்ற இடத்தில் அவர் எவ்வளவு உழைத்தார், விட்டு வந்த இடத்தை எவ்வாறு மதித்தார் என்பவையே அளவுகோல் ஆக வேண்டும். டேவிஸ் லீக் ஆடிய ஆண்டுகளிலும் வேல்ஸ் லீக் அணியின் தலைவராகத் தம் நாட்டின் பெயரைச் சுமந்தார். ஓய்வுக்குப் பின் ஆங்கிலத்தில் வருணனை செய்தார். வேல்ஸ் மொழித் தொலைக்காட்சியில் தம் பெயரிலேயே நிகழ்ச்சியும் நடத்தினார். இரண்டு ஆட்டங்களும் அவருடையவை ஆயின; இரண்டு மொழிகளும் அவருடையவையாகவே இருந்தன.

மாணவர்களே! உங்களுள் பலர் பிறந்த ஊர் ஒன்று, வளரும் ஊர் மற்றொன்று. வீட்டில் தமிழும், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, வகுப்பில் ஆங்கிலமும் பேசுகிறீர்கள். விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது, “நீ எங்கள் ஊர்ப் பிள்ளையா, அந்த ஊர்ப் பிள்ளையா?” என்று உறவினர் கேலியாகக் கேட்கக்கூடும். இரண்டில் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும் என்று எண்ணாதீர்கள். புதிய ஊரின் மொழியை நன்கு கற்பது தமிழுக்குச் செய்யும் துரோகம் ஆகாது. தமிழைப் படிப்பது வாழும் ஊரை மதியாமை ஆகாது. ஆனால் ஒன்று: டேவிஸின் கால்களில் பழைய வித்தை நிலைத்தது அவர் அதை நாள்தோறும் பயன்படுத்தியதால்தான். பேசாத மொழி அவ்வாறு நிலைக்காது.

நாளை உங்கள் வகுப்பிலிருந்தோ குழுவிலிருந்தோ ஒருவர் வேறிடம் செல்வார். அவர் திரும்பி வரும் நாளில் அவருக்கு ஓர் இடம் இருக்கட்டும். ஒரு விளையாட்டு இதைக் கற்க நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. நமக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை.

சிந்தித்துப் பேசுக

1. “வளர்த்த சங்கத்தின் உழைப்பு வீணாகிறது” என்னும் வாதத்துக்குக் கட்டுரையாசிரியர் தரும் விடை உங்களுக்கு நிறைவளிக்கிறதா? ஏன்?

2. இழந்த கூலிக்கு ஈடு கேட்டதும், விளையாட்டுக்கு ஊதியம் கேட்டதும் ஒன்றா? வேறுபடுத்திக் காட்டுக.

3. உங்களுக்குத் தெரிந்த விளையாட்டு, இசை, தொழில் ஆகியவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய ஒருவரைப் பற்றிப் பத்து வரிகளில் உங்கள் கருத்தை எழுதுக.